நீலாவின் ஃபேனைத் துடைத்த கதை

இருபது வருஷமாகத் திருவண்ணாமலையில் சவுண்ட் இன்ஜினியர். கிரிவலப் பாட்டுதான் எனக்குச் சோறு. அதில் சட்டம் ஒன்றுதான்: குரல் முன்னால் நிற்கணும், பின்னால் துளி இரைச்சல் கூடாது. அந்தப் பழக்கதோஷத்தோடுதான் நீலாவின் ஆல்பத்தில் கை வைத்தேன்.

நீலா தனியாக எலக்ட்ரோ-பாப் பண்ணுகிற பெண். சென்னை வேலையை விட்டுவிட்டு ரமணாசிரமம் பக்கம் ஒரு வருஷம் வாடகை ரூமில் இருந்தாள். அதற்கு முன்னால் மூணு ஆல்பம், மூணும் சோகம். சிந்தசைசர் மூட்டமாகப் பரவும், ரிவெர்ப் எதிரொலிக்குள் எங்கேயோ குரல் முனகும். கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவங்ககூட இவ்வளவு நேரம் வருத்தப்பட மாட்டாங்க.

அந்த ரூமிலேயே பாடி ரெக்கார்ட் பண்ணின நாலாவது ஆல்பத்தை மிக்ஸ் பண்ணக் கொடுத்தாள். ரிலீஸுக்கு ஒரு வாரம். முதல் பாட்டுக்கு அடியில் 'டக் டக்' என்று ஏதோ ஓடியது. கேட்காமலே நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு வழித்தெடுத்து, அவள் ஃபைல் மேலேயே சேவ் பண்ணினேன். அவள் லேப்டாப் செத்துப்போயிருந்ததால் வேறு காப்பி கிடையாது.

கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணா, ஃபேன் எங்க?"

"எந்த ஃபேன்மா?"

"என் ரூம் ஃபேன். ஒரு வருஷம் என்கூட இருந்தது அது ஒண்ணுதான். அது இல்லாம இந்தப் பாட்டு பொய்ங்கண்ணா. ஆல்பத்தை வெளியிட மாட்டேன்."

அழுதுவிட்டாள். எனக்கு முதலில் எரிச்சல், அப்புறம் பயம்.

ஃபேன் சத்தத்தை மட்டும் திரும்ப ரெக்கார்ட் பண்ணலாம் என்று அந்த ரூமுக்கே போனோம். ஹவுஸ் ஓனர் சிரித்தார்.

"சத்தம் ஜாஸ்தினு மூணு தடவை கம்ப்ளெயின்ட் பண்ணது நீங்கதானேம்மா? நீங்க காலி பண்ணதும் புதுசு மாட்டிட்டேன்."

நீலா தரையைப் பார்த்தாள். எனக்கு உள்ளூர சந்தோஷம், மறைப்பானேன்.

பழைய ஃபேன் மொட்டை மாடியில் கிடந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து ஸ்டூடியோவில் மாட்டினேன். சத்தம் வரக்கூடாதென்று சுவரெல்லாம் ஃபோம் ஒட்டிய ரூமில், டக் டக் ஃபேனுக்கு மைக் வைத்த ஒரே மடையன் நான்தான்.

அந்தச் சத்தத்தைப் பாட்டுக்கு அடியில் சேர்த்து, ஆல்பம் சொன்ன தேதிக்கு வந்தது. அந்த 'டக் டக்'கை 'மலையின் இதயத்துடிப்பு' என்று ஒரு விமர்சகர் உருகி எழுதினார். பேரிங் போன ஃபேன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

புதுசாக வருகிறவங்களுக்கு: ஒரிஜினலைத் தனியாகக் காப்பி எடுத்து வைங்க. துடைப்பதற்கு முன்னால், அது யாரோட இரைச்சல் என்று கேளுங்க.

ஃபேன் இன்னும் ஸ்டூடியோவில்தான் இருக்கிறது. மனைவி இப்போது பெங்களூரில் மகள் வீட்டில். வேலை முடிந்த சாயங்காலங்களில் அதைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். நீலாகிட்ட சொல்லிடாதீங்க, இதையும் பாட்டாக்கிடுவா.