புதுப் படகுக்குள் நின்ற வாடை

மக்களா, நம் புதுப் படகை ஏன் நல்ல நாளில் கடலில் இறக்காமல் தள்ளிப் போட்டோம் என்று சின்னவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனுக்கும் புரியும்படி எழுதி வைக்கிறேன்.

போன பங்குனி மாதம், கோட்டைப்பட்டினம் கரை. பட்டறையிலிருந்து நம் பைபர் படகு லாரியில் வந்து இறங்கியது. வளர்பிறையில் நாள் குறித்திருந்தோம். அதுவரை யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதென்று, மீன் போடும் அறையின் மூடியை இறுக்கி, படகு முழுவதையும் தார்ப்பாயால் மூடிக் கட்டினேன்.

நம் வீட்டுப் படகு இறங்கும்போது மூத்த பிள்ளைதான் முதலில் ஏறி உட்காரும். பெரியவளே, இந்தத் தடவை அது நீ. கூடப் படிக்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாய். குறித்த நாளுக்கு முந்தின நாள் காலையில் தார்ப்பாயை விலக்கி அறையைத் திறந்தேன். குப்பென்று, பைபரை ஒட்டுகிற பிசின் வாடை. பக்கத்தில் நின்ற உனக்கு இருமல் வந்து நெஞ்சு இளைக்க ஆரம்பித்துவிட்டது. அம்மா உன்னை வீட்டுக்குத் தூக்கிப் போய் உன் இழுப்பு மருந்தை உறிஞ்ச வைத்த பிறகுதான் மூச்சு சீரானது.

பினாயில் ஊற்றிக் கழுவினேன். இரண்டு வாடையும் சேர்ந்துகொண்டது. அடுத்து சாம்பிராணிக் கரண்டியோடு கிளம்பினேன். அம்மா மறித்துக்கொண்டாள்.

"அந்த வாடைக்குள்ள நெருப்பையா கொண்டு போறீங்க? ஒங்களுக்குப் படகு வேணுமா, கரி வேணுமா?"

பட்டறைக்குப் போன் போட்டேன். "மூடி வச்சா பிசின் எப்பிடிண்ணே காயும்? சோப்புத் தண்ணி விட்டுக் கழுவி, வெயில்ல தொறந்து போடுங்க" என்றார்கள்.

திறந்து போட்டால் ஊரே பார்க்கும். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் நீ மூச்சுக்குத் தவித்ததை நினைத்துக்கொண்டேன். தார்ப்பாயை உருவிப் போட்டு, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

பக்கத்துப் படகுக்காரர் பாய்தான் முதலில் வந்து தலையை உள்ளே விட்டார். "என்ன மாப்ள, கண்ணுக்குப் பயந்து மூடுன. இப்ப ஊரு மூக்கெல்லாம் ஒம் படகுலதான்."

அப்படித்தான் ஆயிற்று. போகிறவர் வருகிறவரெல்லாம் மோந்து பார்த்து, "இன்னம் இருக்கு", "நேத்துக்குக் கொறச்சல்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாய் வீட்டிலிருந்து ஒரு கூடை அடுப்புக்கரி வந்தது. வாடையை இழுக்கட்டும் என்று அறைக்குள் பரப்பினோம். குறித்த நாள் கடந்து போனது. வருத்தமில்லை என்றால் பொய்.

சில நாள் வெயிலில் காய்ந்து வாடை அடங்கியதும், கரியை அள்ளிவிட்டு நானும் அம்மாவும் மூலை மூலையாக முகர்ந்து பார்த்த பிறகுதான் உன்னை அழைத்து வந்தோம். நீ தூரத்தில் நின்றே மூக்கைச் சுருக்கினாய். பிறகு கிட்டே வந்தாய். "உப்பு வாடைதாம்ப்பா" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாய். இருமவில்லை. பாயும் கரையில் நின்றவர்களும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

யார் கண்ணுக்கு ஒளித்தேனோ அவர்கள் கைதான் படகைக் கடலில் சேர்த்தது. அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று மாலை, முதல் மீனை இறக்கி முடித்து நீங்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, தனியாக ஏறி அறைக்குள் தலையை விட்டு மூச்சை நன்றாக இழுத்தேன். மீன் வாடை மட்டும்தான். மூடியைச் சாத்தாமல் வந்தேன்.