வாக்சின் என்றால் மாடு

அம்மை குத்தும் வேலையில் சேர்ந்த முதல் வாரமே, சின்னமனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பெரியம்மை கண்டிருந்தது. நோய் வந்த வீட்டுக்கு அடுத்த வீடு காளியம்மாளுடையது. மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டிருக்கவில்லை. நாலைந்து நாளுக்குள் போடாவிட்டால் பிள்ளைகள் தப்புவது கடினம்.

ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அவர் வாசலிலேயே மறித்தார். நான் படித்த திமிரில், வாக்சின் என்ற சொல்லே லத்தீனில் மாட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, இது மாடு தந்த மருந்து என்று விளக்கினேன்.

"மாட்டைக் கொன்னா எடுத்தாக?" என்றார்.

கதவு சாத்தப்பட்டது. ஹெல்த் இன்ஸ்பெக்டர், பதிவேட்டில் ரெஃப்யூஸ்டு என்று எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகச் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது கண்ணிலேயே நின்றது. குத்தாமல் ஊரை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் விடியலில் தொழுவத்துக்கே போய்விட்டேன். வீட்டுக்குள்தானே வரக்கூடாது? காளியம்மாள் முறைத்தார், ஆனால் விரட்டவில்லை. கறந்துகொண்டிருந்த கையில் கட்டைவிரலை ஒட்டிப் பழைய வட்டத் தழும்புகள். என்னவென்று கேட்டேன்.

"மடியில கொப்புளம் வந்த மாட்டைக் கறந்தேன். கையில ஒட்டிக்கிருச்சு."

அதற்குப் பிறகு வீட்டில் அம்மை வந்ததா என்று கேட்டேன்.

"மாமியாளுக்கும் கொழுந்தனுக்கும் வந்துச்சு. நாந்தேன் கூடவே இருந்து பாத்தேன். என்னைய ஆத்தா தொடல."

"உங்களக் காப்பாத்துனது அந்தக் கொப்புளந்தேன். சீமையிலயும் பால் கறக்குறவுக கையப் பாத்துத்தேன் இத ஒரு டாக்டர் கண்டுபிடிச்சாரு. அதனாலதேன் மாட்டுப் பேரு வச்சாக" என்றேன்.

அவர் பாலைக் கறந்து முடித்து, செம்பை ஓரமாக வைத்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ஆத்தா எனக்கு முன்னயே குத்தி விட்டுட்டா. ஏலே, ரெண்டு பேரும் இங்கன வாங்கடா."

இருவருக்கும் குத்தினேன். பிள்ளைகள் பிழைத்தார்கள். அன்று காளியம்மாள் என்னோடு தெரு முழுக்க வந்தார். மறித்த வாசல்களில் நான் வாயே திறக்கவில்லை. அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். அந்த ஊரில் ரெஃப்யூஸ்டு என்று எழுதியதை எல்லாம் நானே கோடு போட்டு அடித்தேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் லத்தீன் பேசியதில்லை. முதலில் எதிரில் இருப்பவர் கையைப் பார்ப்பேன்.