பின்தங்கிய நகல்

பாகூரில் என் வீட்டு மாடியறைதான் எனக்கு அலுவலகம். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸில், நோயாளிகளின் மருந்து விவரம் இருக்கும் டேபிளை மாற்றத் தொடங்கினேன். ஆஸ்பத்திரியை நிறுத்தி வைக்க முடியாது. டாக்டர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே பழைய டேபிளில் இருப்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதற்கு நகர வேண்டும்.

என் மனைவி காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தாள். இந்த வேலைக்காக அவளைத் தனியே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

டாக்டர் எழுதுவது முதன்மை டேட்டாபேஸுக்குப் போகும். வார்டுத் திரை காட்டுவது அதன் நகலை. அவசரப்பட்டு நகர்த்தினால் நகல் பின்தங்கிவிடும். நர்ஸுகளுக்குப் பழைய விவரமே தெரியும். அதனால் மாற்றும் கருவி நகல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும், பின்தங்கினால் தானே நின்றுவிடும். அன்று அது ஒருமுறைகூட நிற்கவில்லை. தாமதம் பூஜ்யம் என்றே காட்டியது. எதுவும் இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை. இருந்தும் சாப்பிடப் போனேன்.

இரண்டரைக்கு அவள் போன் செய்தாள்.

"இன்னாங்க, பன்னண்டரைக்கு டாக்டரு வந்து, உடம்பெல்லாம் தடிச்சிருக்குது, காலைல போட்ட ஊசி இனி வேணாம்னு நிறுத்திட்டாரு. இப்ப நர்சு அதையே எடுத்துனு வந்து நிக்குது. கம்ப்யூட்டர்ல இருக்குதாம்."

"போட வுடாத. நான் சொன்னேன்னு சொல்லு."

திரையைப் பார்த்தேன். இன்னமும் பூஜ்யம். அப்போதுதான் உறைத்தது. போன மாதம் வார்டுகளுக்கென்று புதிதாக ஒரு நகல் அமைத்திருந்தோம். அமைத்தவன் நான். கருவி கவனிக்க வேண்டிய பட்டியலில் அதைச் சேர்க்காமல், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவனும் நான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் இல்லை, சோம்பேறித்தனம். அந்த நகல் பன்னிரண்டு மணி விவரத்தோடு தேங்கிக் கிடந்தது.

மாற்றத்தை நிறுத்தினேன். வார்டுக்குப் போன் போட்டு, திரையை நம்ப வேண்டாம் என்று தலைமை நர்ஸிடம் சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். பன்னிரண்டிலிருந்து என்றேன்.

அவர் பக்கத்திலிருந்த நர்ஸிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தார்.

"உங்க வூட்டுக்காரம்மா வேணாம்னு சொன்னாங்க, போடல," என்றார். "அவங்களுது கடைசி பெட்டு சார். மத்தவங்களுக்கெல்லாம் திரையப் பாத்தே போட்டாச்சே."