நிலையோடு வந்த வீடு

என் வீடு தொழிற்சாலையில் செய்தது. சொல்ல எனக்கு வெட்கமில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் அதை முதலில் "தகர டப்பா" என்றவர் என் சொந்த அண்ணன். அவர் கொத்தனார்.

பழைய வீட்டுச் சுவரை இரண்டு முறை அவரே பூசித் தந்தார். கடல் ஏற்றத்தில் காயல் தண்ணீர் உள்ளே வரும், உப்பு ஏறும், அடுத்த மழைக்குள் பூச்சு பொலபொலவென்று உதிரும். மூன்றாம் முறை, இடித்துப் புதிதாகவே கட்டலாம், ஒன்பது மாதம் ஆகும் என்றார். அதுவரை நான் எங்கே போய்ப் படுப்பது? மாநகராட்சியில் தெரு கூட்டுகிற எனக்குக் கிடைத்த லீவு இரண்டு வாரம். அடுத்த மழைக்கு முன் எனக்குக் கூரை வேண்டும். பழையதை இடித்துவிட்டுத் தொழிற்சாலை வீட்டுக்குப் பணம் கட்டினேன்.

இரும்புத் தூண்களும் சுவர்ப் பலகைகளும் லாரியில் கொச்சங்காடி முனையில் வந்து இறங்கின. சந்துக்குள் லாரி நுழையாது. கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள் தோளில் சுமந்து வந்தார்கள். வழியை அடைக்கும் மணல் இல்லை, சுவர் நனைக்கும் வேலை இல்லை. தூண்களின்மேல் இடுப்புயரத்தில் தளம். பத்தாம் நாள் சாவி என் கையில்.

அண்ணனுக்கு உண்மையான கோபம் வாசல் நிலையில்தான். எங்கள் ஆட்கள் நிலை நிறுத்தும் நாளில் கொத்தனாருக்கு வேட்டி, வெற்றிலை கொடுத்து மரியாதை செய்வார்கள். என் வீட்டு நிலையோ சுவரோடு சேர்ந்தே வந்துவிட்டது. இருந்தாலும் வேட்டி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"நான் நிறுத்தாத நிலைக்கு எனக்கெதுக்கு வேட்டி? அந்தப் படிய மிதிக்க மாட்டேன்."

வலித்தது. அழுதேன். பிறகு நிலைக்கு நானே மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் காய்ச்சினேன். வந்தவர்களெல்லாம் பாலைக் குடித்துவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். தட்டட்டும்!

மழைக்காலத்தில் ஒரு காலை, மழையும் ஏற்றமும் சேர்ந்து சந்தில் முழங்கால் தண்ணீர். அண்ணன் தன் கையால் கட்டிய சொந்த வீட்டுக்குள்ளேயே பாத்திரங்கள் மிதந்தன. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அண்ணியோடு வந்தார். அண்ணி கேட்காமலே ஏறிவிட்டாள். அவர் தண்ணீரிலேயே நின்றார்.

"ஏறி வா அண்ணே, சாயா ஆறுது."

ஏறினார். முதல் வேலையாகச் சுவரைத் தட்டினார். "நானும் இதே ஒயரத்துல கட்டியிருப்பேன்."

"கட்டியிருப்ப. இந்நேரம் நாம எல்லாரும் அஸ்திவாரத்துல நின்னுட்டிருப்போம்."

அவர் லுங்கியிலிருந்து என் தரையில் தண்ணீர் சொட்டியது. பெட்டியைத் திறந்து அந்த வேட்டியை எடுத்து நீட்டினேன்.

"மரியாதைக்கு இல்ல அண்ணே, குளிருக்கு. பிடி."

இந்த முறை வாங்கி உடுத்திக்கொண்டார்.