வெண்கலக் கும்பாவின் சுருதி

ரங்கூனில் மழைக்காலத்துக் காலைகளில் நான் செய்கிற முதல் வேலை, செருப்பில் பூத்திருக்கும் பூஞ்சணத்தைத் துடைப்பது. இரண்டாவது வேலை, சுவரில் தொங்கும் கிட்டாரை எடுத்து, விடிவதற்குள் சுருதி மாறிப்போன நரம்புகளைச் சரிக்கட்டுவது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். பாளையங்கோட்டை வெயிலில் மரம் காய்ந்து விரிசல் விடுமே தவிர நனைந்து உப்பாது. இங்கே வருஷத்தில் பாதி நாள் மழை. ஆலயத்துக்குக் கொண்டுபோகிற பாட்டுப் புத்தகம் உப்பி, மூடவே மாட்டேன் என்கிறது. சாத்திய கதவைத் திறக்கத் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆட்டுக்குடல் நரம்பு கட்டிய கிட்டார் மட்டும் என்ன செய்யும், பாவம். ஒரு நாள் இறங்கிக் கிடக்கும், ஒரு நாள் ஏறி நிற்கும். வைத்த இடத்தில் மட்டும் இருக்காது.

நான் இங்கே ஓர் அரிசி ஆலையில் கடிதம் எழுதும் குமாஸ்தா. பயாஸ்கோப்புக் கொட்டகையில் வாசித்துக்கொண்டிருந்த கோவாக்காரர் ஒருவர், கப்பலேறும்போது இந்தக் கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சுருதி பார்க்க எஃகில் செய்த கவை ஒன்றையும் கொடுத்தார். முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தால் கொசு மாதிரி ரீங்கரிக்கும். என் மனைவி கிருபை அதை ஒரு தரம் கேட்டாள். “இது யாரு வீட்டுச் சுதி? எனக்கு இதுல பாட வராது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு என்று ஒரு சுருதி இருந்தது. கிருபை முக்கூடல்காரி. சீரோடு ஒரு வெண்கலக் கும்பா கொண்டுவந்தாள்; கஞ்சி குடிக்கிற சாதாரணக் கும்பாதான். கல்யாணமான மறுவாரம் எங்கள் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது, பரிமாற வந்தவளின் அகப்பை அதன் விளிம்பில் பட்டு ‘ணங்’ என்றது. அவள் தன்னையறியாமல் அதே சுருதியில் முனகிக்கொண்டே சோறு வைத்தாள். சின்ன வயதிலிருந்து ஆற்றங்கரையில் அந்தக் கும்பாவைத் தேய்க்கும்போதெல்லாம் தட்டித் தட்டிப் பாடுவாளாம். எனக்கு அவள்மேல் ஆசை வந்தது அன்றைக்குத்தான். இத்தனை வருஷம் கழித்து அதை எழுதுவதில் என்ன வெட்கம்?

ரங்கூனுக்கு வந்த முதல் மாதம் அவள் பாடவில்லை. பேச்சுகூட, கேட்டதற்குப் பதில் என்கிற அளவில்தான். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் காலையில் கும்பாவை எடுத்துத் தட்டி, அந்த நாதத்துக்குக் கிட்டாரின் தடித்த நரம்பைச் சேர்த்து, மற்றவற்றை அதற்கு ஏற்றபடி கட்டினேன். அடுக்களையில் இருந்தவள் அங்கிருந்தபடியே பாட ஆரம்பித்தாள். அதிலிருந்து நாள் தவறாமல் காலையில் கும்பாவைத் தட்டுவது வழக்கமாயிற்று.

பக்கத்து வீட்டில் டோ சேன் என்கிற பர்மிய அம்மாள் இருந்தார். நாம் அத்தை, பெரியம்மா என்பது போல இங்கே வயதான பெண்களை ‘டோ’ என்பார்கள். நான் கும்பாவைத் தட்டியதும் அவர் தம் வாசலில் நின்று, கை கூப்பி, “தாடு, தாடு, தாடு” என்பார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆலையில் கேட்டபோது சொன்னார்கள்: பர்மியர் பிக்குகளுக்கு அன்னமிட்டபின் மணி அடித்து, செய்த புண்ணியத்தை எல்லோருக்கும் பங்கு வைப்பார்களாம். கேட்டவர்கள் ‘தாடு’ என்று சொன்னால் அவர்களுக்கும் பங்கு உண்டாம். ஆக, நான் தினமும் ஏதோ புண்ணியம் செய்வதாக அந்த அம்மாள் நினைத்துக்கொண்டிருக்கிறார்! நான் கிறிஸ்தவ வேதக்காரன், இது கஞ்சிக் கும்பா என்று சொல்ல எனக்குப் பர்மிய மொழி போதாது. போதுமென்றாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

கிருபை முழுகாமல் இருந்தாள். தலைப்பேறு தாய்வீட்டில்தான். பிள்ளை பெற்றவளுக்குக் காயமருந்து கொடுப்பது சீர்க் கும்பாவில்தான் என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம்; கும்பாவும் கூடப் போயாக வேண்டும். ஊருக்குப் போகிற தெரிந்த குடும்பம் ஒன்றோடு அவளை அனுப்பினேன். கப்பல் துறையில் வைத்து அவள் கேட்டாள்.

“கும்பா இல்லாம சுதிய எப்படி வச்சிருப்பிய?”

“அது எனக்கு மனப்பாடம் ஆயிட்டு, ட்டி.”

“நான் வருத வரைக்கும் மாறக் கூடாது, பாத்துக்கிடுங்க. மாறிட்டுன்னா இங்கன வந்து மறுபடி எனக்குப் பாட வராது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. நானும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன்.

சத்தியம் செய்வது சுலபம். முறுக்காணிகளில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டேன். நரம்பு நீண்டுகொடுத்ததும் அடையாளம் ஒன்றுக்கும் உதவவில்லை. எழுந்தவுடன் யாரோடும் பேசாமல் அந்தச் சுருதியை முனகிப் பார்த்துக் கட்டினேன். பேட்டையிலிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “பொண்டாட்டி ஊருக்குப் போனா எல்லாரும் சோத்துக்கு அலைவான். நீரு சுதிக்கு அலையுதீரே, வே!”

இதற்குள் டோ சேன் ஒரு நாள் வேலியருகே வந்து, விரலால் தட்டுவது போலக் காட்டி, மணி எங்கே என்று கேட்டார். நான் வயிற்றைக் காட்டினேன், கப்பல் போவது போலக் கையால் காட்டினேன், கும்பா போய்விட்டது என்று கையை விரித்தேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, முகம் வாடிவிட்டது. மறுநாள் காலையில் தம் முக்கோண வெண்கல மணியை எங்கள் வீட்டுப் பக்கமாகத் தொங்கவிட்டு மூன்று தரம் அடித்தார். அது சுழன்று சுழன்று ஒலித்தது. அடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் “ஆமென்” என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குத்தான் வினை. அந்த மணியின் சுருதி எங்கள் கும்பாவைவிடக் கொஞ்சம் மேலே. நான் முனகிச் சேர்க்கிற நேரம் பார்த்துத் தினமும் அது ஒலித்தது. காதைப் பொத்தினேன், கிணற்றடிக்குப் போய் நின்றேன். எங்கே போனாலும் கேட்டது. நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் அவர் வாசல்வரை போனேன். என்னைக் கண்டதும் அவர் தம் வயிற்றைத் தொட்டு, கடல் இருக்கும் திசையைக் காட்டி, பிள்ளையைத் தாலாட்டுவது போலக் கையை அசைத்தார். என் மனைவிக்காக வேண்டிக்கொள்கிறவரிடம் போய், உங்கள் மணி என் சுருதியைக் கெடுக்கிறது என்று எப்படிச் சொல்வது? பைய வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

பெண் பிறந்தாள், தாயும் பிள்ளையும் சுகம் என்று கடிதம் வந்தது. எஸ்தர் என்று பெயர் வைத்து, ஏழாம் மாதம் கிருபை கப்பலேறி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, மூட்டையை அவிழ்த்துக் கும்பாவை எடுத்துத் தட்டினாள். கிட்டாரின் தடித்த நரம்பையும் சுண்டினாள். சேரவில்லை. நரம்பு கும்பாவுக்கு மேலே, மணிக்குக் கீழே நின்றது. அந்த நேரம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணியையும் டோ சேனையும் பற்றிச் சொன்னேன். முறுக்காணியைத் திருகக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கெடக்கட்டும். அவ்வோ எனக்காவத்தான அடிச்சிருக்காவோ” என்று பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, கும்பாவிலும் சேராத, மணியிலும் சேராத அந்த இடத்திலேயே பாடினாள். குரல் முதலில் தடுமாறியது. பிறகு அங்கேயே நிலைத்துவிட்டது.

அது முதல் நாங்கள் கிட்டாரை அங்கேதான் வைத்திருக்கிறோம். காலையில் நான் கும்பாவைத் தட்டுவேன். டோ சேன் “தாடு” என்பார். அவர் மணியடிப்பார், நாங்கள் “ஆமென்” என்போம். இரண்டையும் கேட்டு நடுவே நரம்பைக் கட்டுவேன்.

இப்போது எஸ்தருக்கு நாலு வயது. இரண்டாவது பேற்றுக்காகக் கிருபை அவளையும் கும்பாவையும் கூட்டிக்கொண்டு முக்கூடல் போயிருக்கிறாள். முந்தாநாள் அவள் கடிதம் வந்தது. பிள்ளையைத் தூங்கவைக்கக் கும்பாவைத் தட்டிப் பாட்டு எடுத்தாளாம். எஸ்தர் எழுந்து உட்கார்ந்து, “யம்மா, இது நம்ம வீட்டுச் சுதி இல்ல” என்றாளாம். கிருபை எழுதியிருந்தாள்: “அவ சொன்னது சரிதாங்க. எனக்கும் இந்தக் கும்பாவுல இப்ப பாட வரல. அம்மைக்கிட்ட இதச் சொல்ல முடியுமா? உங்களுக்குத்தான் எழுதுதேன்.” அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

இன்று காலையும் டோ சேன் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்து மணியடித்தார். நான் “ஆமென்” சொன்னேன். பிறகு கிட்டாரை எடுத்து, மணிக்குச் சரியாக நரம்பைச் சேர்த்து, அங்கிருந்து ஒரு மயிரிழை கீழே இறக்கினேன். முக்கூடல் அதற்கும் கீழே எங்கேயோ இருக்கிறது. அவர்கள் மூன்று பேராகத் திரும்பி வரும்வரை நான் இதை இங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும்.