எழும்ப வேண்டாம் என்றார்கள்

காலையில் பஸீனா தண்ணீர் குடிப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதினொரு வருடப் பழக்கம் அது. சுன்னாகப் பக்கம் ஓர் அரச கந்தோரில், பழைய பதிவுகளுக்குப் பிரதி எழுதிக் கொடுக்கும் மேசை அவளுடையது. பெண்களின் கழிப்பறை பின்வளவில். வருகிற சனம் பாழாக்குகிறது என்று அதைப் பூட்டி, திறப்பை ஒரு முழப் பலகையில் கட்டி, பிரதம இலிகிதர் சண்முகநாதனின் முதுகுக்குப் பின்னால் ஆணியில் கொழுவியிருந்தார்கள். அவரிடம் கேட்க வேண்டும். பிறகு அந்தப் பலகையோடு, வரிசையில் நிற்கும் நாற்பது பேரையும் கடந்து போக வேண்டும். அதைவிடக் குடிக்காமல் இருப்பது சுகம். எட்டரைக்குக் கதிரையில் இருந்தால் சோறும் மேசையிலேயே. எழும்புவதென்றால் பதிவேட்டு அறைக்கு, நாளுக்கு நாலைந்து தரம். அவ்வளவுதான்.

வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டில், நாலு வயதில், உம்மாவின் இடுப்பிலிருந்தபடி யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவள். புத்தளத்தில் படித்து, ஊர் திரும்பி வேலை எடுத்தவள். கந்தோரில் அவள் ஒருத்திதான் முஸ்லிம். மற்றவர்கள் எழும்பிப் போனால் "அந்தப் பிள்ளை இல்லை" என்பார்கள், தான் போனால் "சோனகத்தி இல்லை" என்பார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல இடம் வைக்கக்கூடாது என்பதில் குறியாக இருந்தாள்.

தை மாதம் இடது கெண்டைக்கால் இறுகியது. பஸ்ஸில் இடிபட்டிருக்கும் என்று எண்ணெய் பூசினாள். மூன்றாம் நாள் செருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்து, காலுக்குள் இரத்தம் கட்டிவிட்டது என்று வார்ட்டில் மறித்தார்கள். ஒன்பது நாள்.

"வேலையிலை எவ்வளவு நேரம் கதிரையிலை இருப்பீங்கள்?" பெண் டாக்டர் கேட்டார்.

"முழுக்க."

"இனி அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடவுங்கோ. நிறையத் தண்ணி குடியுங்கோ. உந்தக் கட்டி கழண்டு நெஞ்சுக்கு வந்தால் உயிர் போயிடும், அம்மா."

வீட்டில் அவள் எழும்பினால் புருஷன் றிஸ்வி பாய்ந்து வந்தான். தேத்தண்ணியும் அவனே ஊற்றினான்.

"டாக்டர் நடக்கச் சொன்னவ."

"அவ சொல்லிட்டுப் போயிடுவா. வீங்கின காலோடை நடக்கிறதாம்! பேசாமல் இரு நீ."

கந்தோரில் அவள் கொடுத்த டாக்டரின் கடிதத்தில் சண்முகநாதன் மேலே இரண்டு வரி பார்த்தார். நல்ல மனிதர், கண் கலங்கிவிட்டது. பெரியவர்கள் வந்தால் போடும் மெத்தைக் கதிரையை அவளுடைய மேசைக்கு அனுப்பினார். சிற்றூழியர் மார்க்கண்டுவைக் கூப்பிட்டார். "பஸீனா பிள்ளை இனி ஒண்டுக்கும் எழும்பக்கூடாது. பதிவேடெல்லாம் நீர்தான் கொண்டுபோய்க் குடுக்கவேணும்."

"சேர், என்னை நடக்கச் சொல்லித்தான்..."

"சுகம் வரட்டும், நடக்கலாம். என்ன அவசரம்?"

"அக்காவுக்கு இனி மகாராணி உத்தியோகம்," என்றாள் பக்கத்து மேசை கஜந்தினி. எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். பஸீனாவும் சிரித்தாள். அந்த நாலைந்து நடையும் அன்றோடு நின்றது. இவ்வளவு அன்பை எப்படித் தட்டுவது? இருபது நாள் அந்த மெத்தைக் கதிரையிலேயே இருந்தாள்.

இருபத்தோராம் நாள் பதினொரு மணிக்குக் கெண்டைக்கால் மறுபடி இறுகியது. ஆஸ்பத்திரியில் போடக் கொடுத்த இறுக்கக் காலுறையை இறக்கி விரலால் அமத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. மேசையில் தொடாமல் கிடந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டு எழுந்தாள். மார்க்கண்டு ஓடி வந்தார்.

"என்ன வேணும் பிள்ளை? சொல்லும், நான் போறன்."

"திறப்பு, அண்ணை. அதுக்கும் நீங்களே போவியள்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் போய் ஆணியிலிருந்து பலகையைக் கழற்றினாள்.

"பிள்ளை, கால்..." என்றார் சண்முகநாதன்.

"உந்தக் கதிரையிலை இருந்தால் செத்துப்போவன், சேர். கடிதத்திலை எழுதிக் கிடக்கு. மிச்சத்தை வாசியுங்கோ."

அவர் கோப்பைத் தேடத் தொடங்கினார். "எட்டு மணியிலை இருந்து நிக்கிறம், இப்பதான் இவ உலாத்தப் போறா," என்று வரிசையில் ஒருவர் சொன்னார். பஸீனா பலகையோடு அவரைக் கடந்து நொண்டி நொண்டிப் பின்வளவுக்கு நடந்தாள். கால் அப்படி வலித்தது.

பின்னேரம் மறுபடி ஸ்கான். இன்னொரு கட்டி. இரத்த நாளம் பழுதாகிவிட்டது, கால் இனிப் பழையபடி வராது என்றார் அதே டாக்டர். கோபத்தில் குரல் உயர்ந்தது.

"நடக்கச் சொல்லி அவ்வளவு சொன்னனே, அம்மா. ஏன் நடக்கேல்லை?"

யாருடைய பெயரைச் சொல்வது என்று பஸீனா யோசித்தாள். வாசலில் றிஸ்வி அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் என்னை நல்லாப் பாத்தவை, டாக்டர்," என்றாள்.

டாக்டர் மாத்திரைத் துண்டை எழுதினார். எத்தனை மாதம் என்று இருந்த இடத்தில், ஆயுள் முழுக்க என்று எழுதினார்.