குடை போட்ட பலகை

வினைல் விரிப்பை ஓரத்தில் பிடித்து உரித்தபோது முதலில் வந்தது நாற்றம்தான். மழைக்காலத்தில் காயாத போர்வையின் நாற்றம். முழுதாகச் சுருட்டி ஜன்னலைத் திறந்துவிட்ட பிறகு, அதற்கு அடியிலிருந்து இன்னொன்று மெல்ல எழுந்தது. பைன் மரத்தின் தைல வாசனை. இத்தனை வருஷம் மூடிக்கிடந்தும் அது போகவில்லை. தரையில் உடைந்திருந்த ஓட்டை வழியாகக் கீழே பார்த்தேன். என் மகள் நித்யா கட்டிலில் படுத்திருந்தாள், முழங்காலுக்குக் கீழே பெரிய கட்டோடு. என்னைப் பார்த்துக் கையாட்டினாள். எனக்குத் திரும்ப ஆட்டக் கை வரவில்லை.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் எங்கள் வீடு எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வழக்கமாக நான் யாரிடமும் சொல்வதில்லை. ஒரே ஒரு அறை. சுவரை மட்டும் உயரமாக எழுப்பிவிட்டு, கான்கிரீட் போட வழியில்லாமல், பாதி உயரத்தில் இரும்பு உத்தரம் கொடுத்து அதன்மேல் பலகை அடித்து மச்சாக்கினோம். மேலே சிமென்ட் ஷீட்டுக் கூரை. ஏறி இறங்க வெளியே ஒரு இரும்புப் படி. அந்தப் பலகைகள் கடையில் வாங்கியவை அல்ல. கம்பெனிக்கு மெஷின் வந்த பெட்டிகள்.

இந்த வாசனை என்னை நேராகக் கம்பெனி யார்டுக்குத்தான் கொண்டுபோகிறது. கல்லாவிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிது. வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கினால் என்ஜினியர்கள் மெஷினைச் சுற்றி நிற்பார்கள், நாங்கள் பெட்டியைச் சுற்றி நிற்போம். தேங்காய்ப் பருப்பு நிறத்தில் மரம். கேட் பாஸ் வாங்கி வெளியே கொண்டுவந்தால் அது கட்டில் ஆகும், டிவி ஸ்டாண்டு ஆகும், கோழிக்கூண்டு ஆகும். எங்கள் லைன் வீட்டு வரிசையில் அந்த மரம் இல்லாத வீடே கிடையாது. ஆனால் அதைத் தரையாகப் போட்டவன் நான் ஒருவன்தான். பெட்டியின் வெளிப்பக்கத்தில் கறுப்பு மையில் படங்கள் அச்சடித்திருக்கும். உடையும் என்பதற்கு ஒரு கண்ணாடிக் கோப்பை, நனைக்காதே என்பதற்கு மழைத்துளிகளோடு ஒரு குடை, இந்தப் பக்கம் மேலே என்பதற்கு இரண்டு அம்புகள்.

பலகை அடிக்க உதவிக்கு வந்தவன் முனிராஜ், என் ஷிப்ட்காரன். வீட்டில் தெலுங்கு பேசுவான், கடைத்தெருவில் கன்னடம் பேசுவான், என்னைத் திட்ட மட்டும் தமிழ். படம் போட்ட பக்கத்தைக் கீழே திருப்பி அடி என்று நான் சொன்னேன். மேலே ஏறி வருகிறவர்கள் பார்த்தால் வாங்கின மரம் என்று நினைக்கட்டுமே என்று. அவன் ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டே தலையாட்டி, கடைசிப் பலகையும் அடித்து முடித்த பிறகு கீழே இறங்கி, தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தான்.

"யோவ், வாய்யா இங்க. வந்து படு. கொடை, டம்ளரு, அம்புக்குறி... சொந்தக்காரங்க மேலயா வந்து ஒக்காருவாங்க? கீழதான்யா காப்பி குடிப்பாங்க!"

எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. கம்பெனியில் செய்யும் பாகங்களில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குவது என் வேலை. லைனில் எங்கள் வீட்டுக்குப் பொட்டி வீடு என்று பெயர் விழுந்தது. "பொட்டி வீட்டுக்காரரே" என்று கூப்பிட்டால் நான் காது கேட்காதவன் மாதிரி சைக்கிளை மிதிப்பேன்.

நித்யாவுக்கு மட்டும் அந்தப் பலகைக் கூரை பிடித்திருந்தது. அவள் பாய்க்கு நேர் மேலே குடை. பகல் ஷிப்ட் முடிந்து நான் மேலே படுத்திருப்பேன், கீழே அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. அதன் வழியாகக் கேள்வி வரும்.

"அப்பா, கொடைக்கு மேல மட்டும் ஏன் மழை பேயுது?"

"கீழ நீ இருக்கற இல்ல, அதான்."

படுத்த இடத்திலிருந்தே பதில் சொல்வேன். எட்டாம் வகுப்பு வரை அப்படித்தான். பிறகு படிக்க அவளுக்குத் தனி இடம் வேண்டுமென்று மச்சைக் கொடுத்தோம். அப்போதுதான் மேலே வினைல் விரித்தேன். மர டிசைன் போட்ட வினைல். மரத்தை மறைக்க மரத்தின் படம்! யாரையும் மேலே கூட்டி வராதே என்றும் சொல்லி வைத்தேன். கூரை ஷீட்டில் ஒரு விரிசல் விழுந்து, அடியில் நீர் இறங்கி, காற்றில்லாமல் பலகை ஊறிக்கொண்டே இருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் காலையில், இப்போது வேலைக்குப் போகும் நித்யா கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அவசரமாகக் கிளம்பினாள். என் மனைவி கீழே உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் பலகைக் கூரையிலிருந்து ஒரு கால் தொங்குகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைக் கழுவிக்கொண்டே, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"மாடிப்படியில வழுக்கிட்டா மேடம்," என்றேன். யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொன்னது.

அவர் தையல் போட ஊசியை எடுத்துவிட்டார். நித்யா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "இல்ல மேடம். வீட்டுத் தரை மரப் பலகை. அது ஒடஞ்சி கால் உள்ள போயிடுச்சி. உள்ள சிராய் இருக்கும், பாத்துக்கங்க," என்றாள். இடுக்கியில் ஒரு விரல் நீளத்துக்குச் சிராய் வந்தது. டாக்டரம்மா அதைத் தட்டில் போட்டுவிட்டு, "நீங்க இவங்க அப்பாவா?" என்று மட்டும் கேட்டார்.

நித்யாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வேலையிடத்துத் தோழிகள் வருவதாக இருந்தது. இருக்க மாட்டாமல் மறுநாள் கேட்டேன், "எப்படி விழுந்தன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"அத ஏம்பா நீ கேக்கற?" என்றாள். அவ்வளவுதான்.

அதனால்தான் பழுது பார்க்க உட்கார்ந்தேன். ஷீட்டின் விரிசலை அடைத்தேன். பெட்டிப் பலகை கேட்டுப் பாகலூர் ரோட்டிலுள்ள பழைய சாமான் கடைக்குப் போனேன். "இப்பல்லாம் இரும்பு ஃப்ரேம்ல வருதுண்ணா. அதுவும் அப்படியே திரும்பிப் போயிடுது," என்றார் கடைக்காரர். கடைசியில் சமையலறை அலமாரித் தட்டு ஞாபகம் வந்தது. மச்சு அடித்த அன்றைக்கு மிஞ்சிய பலகை, படம் இல்லாதது. "ஊறுகா ஜாடிய உங்க தலையிலயா வெக்கறது?" என்று மனைவி சத்தம் போடப் போட அதைக் கழற்றினேன்.

உளுத்ததை அறுத்தெடுத்தேன். நித்யா கீழே படுத்தபடி வழி சொன்னாள்.

"அப்பா, அம்புக்குறிகிட்ட வெளிச்சம் தெரியுது. டம்ளர் பக்கத்துலயும். ஒனக்குத் தெரியுமா, ஊறிப்போனது கொடை போட்ட பலகைதான்."

சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம்.

பலகையை அளந்து அறுத்து, விளிம்பை இழைத்துப் பொருத்தினேன். பிறகு, நிறுத்தத் தெரியாமல், எல்லா இடைவெளிகளிலும் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஆணித்தலை ஒன்றுகூட மேலே தெரியவில்லை. சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வந்திருந்தது. வினைலைத் திரும்ப விரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோழிகள் வந்தார்கள். மனைவி காப்பி போட்டாள். நான் வேலை இருப்பதுபோல் மேலே போய் உட்கார்ந்துகொண்டேன். நித்யா ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஊகித்தேன். கோப்பையை, அம்புகளை, குடை இருந்த இடத்திலுள்ள வெற்றுப் பலகையை. முன்பென்றால் பலகை இடைவெளி வழியாக ஒரு வார்த்தை தப்பாமல் மேலே வரும். இப்போது வெறும் முணுமுணுப்பு. நடுவில் சிரிப்பு, பிறகு ஒரு அமைதி, பிறகு அவள் குரல், என்ன சொன்னாள் என்று பிரிக்க முடியாமல்.

ஆஸ்பத்திரியைச் சொல்கிறாளா, என்னைச் சொல்கிறாளா? மண்டியிட்டுக் குனிந்து காதைத் தரையில் வைத்தேன். வழவழப்பாக இருந்தது. புது மரத்தூள் வாசனைதான் வந்தது.